முள்மரத்தில் ஒரு ரோஸ் நைலான்

எங்கள் ஊரில் இற்றுப்போகாத பொருள் என்று ஒன்று கிடையாது. வருஷத்தில் எட்டு மாதம் மழை. பள்ளிக்கூட ஷூவை ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் விட்டால் பச்சைப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். ஜன்னல் கம்பி துருப்பிடித்துக் கையோடு வரும். செபப் புத்தகத்தின் அட்டையைக் கரையான் தின்னும், கரையான் மிச்சம் விட்டதை ஈரம் தின்னும். அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த நாங்கள் யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த நான், பத்து வயதில், ஒரு சாண் துணி இற்றுப்போக வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டேன். அது இற்றுப்போகவில்லை. அம்மா செத்துப்போனாள். இரண்டும் என்னால்தான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வேலை கிடைத்துத் தீவுக்கு வந்தவர். அலுவலகத்தில் அவர் பத்தோடு பதினொன்றாக ஒரு கிளார்க். கோயிலில் அப்படியில்லை. மாதா சபைக்கு அவர்தான் தலைவர். நவநாள் செபத்தை அவர்தான் முன்னின்று சொல்வார். குவார்ட்டர்ஸில் யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்பா பிள்ளையின் தலையில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் செபிப்பார். காய்ச்சல் எப்படியும் மூன்றாம் நாள் விடும். பேர் அப்பாவுக்கு வரும். அந்தக் கை என் தலைக்கு மட்டும் வந்ததே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா கஷாயம் போட்டுக் கொடுப்பாள்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. என்னிடம் சொன்னது, கக்கத்தில் ஏதோ சின்னக் கட்டி என்று. அம்மாவைப் பார்த்த டாக்டரம்மா உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார். ஒப்புக்கொடுத்துவிட்டாராம். அதன்மேல் மெழுகுவர்த்தி உருகி ஒழுகிக் காய்ந்தது. தினமும் செபமாலை சொல்லும்போது அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன். அது என்ன காகிதம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ நேர்ச்சைச் சீட்டு என்று நினைத்திருந்தேன்.

அம்மா ஒரு நீல ரெக்சின் பையில் தன் துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டாள். இரண்டு நைட்டி, ஒரு துண்டு, ஒரு செபமாலை, என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. எங்கள் மேட்டில் நின்றால் ஹேடோ துறைமுகத்திலிருந்து சென்னைக்கு மெயின்லேண்ட் கப்பல் புறப்படும் சங்கொலி கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்ப்பாள். அப்பா பேப்பரைப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "நமக்கு எப்பங்க கப்பலு?"

"கொடி ஏறியாச்சி. நவநாள முன்ன நின்னு நடத்துதவன் ஊர விட்டுப் போனா ஜனங்க என்ன நெனைக்கும்? திருநா முடியட்டும்."

திருநாள் முடிந்தது. பிறகு கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்றார். விமானம் என்ற ஒன்று இருப்பதை அம்மா ஞாபகப்படுத்தினாள். இந்த உடம்போடு விமானம் ஏறக்கூடாது என்று யாரோ சொன்னதாக அப்பா சொன்னார். அந்த யாரோ யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அப்பாவுக்கு உண்மையில் என்ன பயம் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கத்தி வைப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கைவைத்துச் சுகம் கொடுக்கிறவர் வீட்டுக்காரிக்குச் சுகம் கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரி தேடி ஓடுகிறார் என்று சபையில் பேசுவார்கள்.

இந்த நேரத்தில்தான் அயர்லாந்துக் கிணறு வந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அயர்லாந்தில் நர்ஸ். அங்கே போவதற்கு முன்பு ஒரு மாதம் எங்களோடு இருந்தாள். கிளம்பும்போது அம்மா தன்னுடைய பழைய காட்டன் சேலை ஒன்றை மடித்து அத்தையின் பெட்டியில் வைத்தாள். கம்பளி அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனால் உடம்பில் குத்தாமல் போர்த்திக்கொள்ள ஒரு பழஞ்சேலையைப் போல வராது என்பது அம்மாவின் கட்சி. அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த நேரம் பார்த்துப் போன் செய்வாள். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைப்பார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துகொள்வோம்.

அந்த நாட்டில் எங்கே பார்த்தாலும் புண்ணியத் தலம்தான் என்பாள் அத்தை. ஒரு மலை இருக்கிறது, ஜூலை மாதக் கடைசியில் ஜனங்கள் கூர்கூரான கல்லில் வெறுங்காலோடு ஏறுவார்கள். ஒரு ஏரிக்கு நடுவில் ஒரு தீவு இருக்கிறது, அங்கே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பால் இல்லாத டீயும் காய்ந்த ரொட்டியுமாக மூன்று நாள் இருப்பார்கள், முதல் ராத்திரி தூங்கவே கூடாது. அப்பா இதையெல்லாம் கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த நவநாளில் தானே நேரில் போய்ப் பார்த்ததுபோலச் சபையில் எடுத்துவிடுவார்.

அம்மா மட்டும் ஒருமுறை சொன்னாள். "தீவுல கெடந்து தூங்காம இருக்கதுக்கு எதுக்கு ஏரோப்பிளேன் ஏறி அங்கன போவணும்? அத நான் இங்கனயே இருந்துட்டு இருக்கேன்."

அத்தை சிரித்தாள். பிறகுதான் கிணற்றைப் பற்றிச் சொன்னாள்.

"மதினி, எங்க ஆஸ்பத்திரில இருந்து பஸ்ஸுல போனா ஒரு கெணறு இருக்கு. பிரிஜித்தம்மா கெணறும்பாவ. அவிய ஊர்ப் புனிதை. கெணறுன்னதும் பெருசா நெனைச்சிராதீய, மாடு மேயுத காட்டுல ஒரு குண்டான் அளவுக்குத்தான் இருக்கும். பக்கத்துல ஒரு முள்ளு மரம். நோயாளி துணியில ஒரு துண்டு கிழிச்சி அந்த மரத்துல கெட்டணும். நோவு இருக்க எடத்துல பட்ட துணியா இருக்கணும். துணி மழையில கெடந்து இத்துப்போவ இத்துப்போவ, நோவும் போயிரும்னு நம்பிக்கை."

"கெணத்துக்கு என் சீக்கு வெலாசம் தெரியுமா?" என்றாள் அம்மா. இருந்தாலும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அது கிணற்றினால் வந்ததா, யாரோ ஒருத்தி தன் நோயைப் பற்றி வாய்விட்டுப் பேசியதால் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு அத்தை, அண்ணனிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றாள். அப்பா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "ம். ம். பாத்துக்கிடுதேன். நீ அதப்பத்திக் கவலப்படாத. மொதல்ல துணிய அனுப்புதேன்."

துணி வெட்டும் வேலை என்னிடம் வந்தது. வீட்டில் நன்றாகக் கத்தரி பிடிக்கிறவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் பூ வெட்டி ஒட்டிப் பரிசு வாங்கியவள். அம்மா கட்டிலில் படுத்தபடி கொடியிலிருந்த தன் வெள்ளை ரவிக்கையைக் காட்டினாள்.

"அத வெட்டு பிள்ள. கக்கத்துப் பக்கமா வெட்டு. அதுதான் மேல பட்டது."

அது வீட்டில் போடுகிற காட்டன் ரவிக்கை. வேர்வையில் கக்கம் மஞ்சளாகி, துவைத்துத் துவைத்து நூல் தெரிந்தது. ஒரு இடத்தில் ஊக்கு குத்திக் கிழிந்திருந்தது. அதைக் கையில் எடுத்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தை இருக்கும் நாட்டில் எல்லோரும் கோட்டு போட்டிருப்பார்கள். அங்கே போய் ஒரு புனிதையின் முன்னால் அம்மாவின் அழுக்கு ரவிக்கையைக் கட்டுவதா? வேளாங்கண்ணிக்குப் போனபோது மாதாவுக்குச் சாத்த அம்மா மடிப்புக் கலையாத புதுச் சேலை வாங்கிக்கொண்டு போனது எனக்கு நினைவிருந்தது. சாமிக்குக் கொடுப்பது என்றால் புதுசு. கந்தலைப் பழைய துணிக்காரனுக்குத்தான் போடுவோம்.

ரவிக்கையும் கையுமாக முன்னறைக்கு வந்தேன். அம்மா அதற்குள் மாத்திரை மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்தாள். அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"என்னட்டி அது?"

சொன்னேன். அப்பா முகத்தைச் சுளித்தார். மனைவியின் ரவிக்கை தபாலில் போவதையும், அதை வெள்ளைக்காரர்கள் பார்க்கும்படி மரத்தில் கட்டுவதையும் அவர் மனது ஏற்கவில்லை போலிருக்கிறது.

"புனிதைக்குக் கந்தலையா அனுப்புவாவ? போயி நல்லதாப் பாத்து எடு."

நான் பீரோவைத் திறந்து அம்மாவின் சேலைகளிலேயே நல்லதை எடுத்தேன். அபர்டீன் பஜாரில் பாய் கடையில் எடுத்த ரோஸ் நிற நைலான் சேலை. என் முதல் நற்கருணை அன்று அம்மா கட்டியது. தொட்டால் கையில் நிற்காமல் வழுக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கும். அப்பா அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எழுந்து வந்து சேலையின் ஒரு முனையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். நான் முந்தானை ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குக் கோணாமல் வெட்டினேன். கத்தரி அவ்வளவு சுகமாகப் போயிற்று.

சாயங்காலம் அம்மா எழுந்து, வெட்டிவிட்டாயா என்று கேட்டாள். வெட்டிவிட்டேன் என்றேன். ரவிக்கையை மடித்து என் புத்தகப்பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

மறுநாள் அப்பாவும் நானும் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அது போய்ச் சேரப் பல வாரம் ஆயிற்று. அதற்குள் அயர்லாந்துக் கிணறு டெலானிபூரில் பிரபலமாகிவிட்டது. சபையில் அதற்கென்றே தனிச் செபம் நடந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த வங்காளிப் பெண்ணை நாங்கள் மாசி என்று கூப்பிடுவோம். மாசி அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகும்போதெல்லாம் வாசலில் அப்பாவை நிறுத்தி, "மெயின்லேண்ட் கப் ஜாயேகா, பாய்சாப்?" என்று கேட்பாள். எப்போது போவதாக உத்தேசம் என்று. அப்பா புன்னகையோடு, "கப்டா பேஜ் தியா" என்பார். துணி அனுப்பியாயிற்று என்று. மாசிக்கு ஒன்றும் புரியாது. துணிக்கும் மெயின்லேண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல என்னைப் பார்ப்பாள். அவளுக்கு நம்பிக்கை போதாது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அத்தை துணியைக் கட்டிவிட்டாள். குளிரில் ஷூவைக் கழற்றிவிட்டு, கையில் ஏழு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒரு கல்லாகப் போட்டுக் கிணற்றை ஏழு சுற்றுச் சுற்றினாளாம். எண்ணிக்கை தப்பாமல் இருக்க அங்கே அப்படித்தான் செய்வார்களாம். அதைக் கேட்டதிலிருந்து நானும் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியைக் காலையில் ஏழு சுற்று, மாலையில் ஏழு சுற்று வெறுங்காலோடு சுற்றினேன். அம்மா மெலிந்துகொண்டே போனாள். இடது கை வீங்கியது. வளையல் ஏறவில்லை. துணி இற்றுக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்வார். இப்போதைக்கு இடையில் புகுந்து மருத்துவம் பார்ப்பது புனிதையை நம்பாததுபோல ஆகிவிடும் என்றும் சொல்வார்.

ஆறு வாரம் கழித்து அத்தை ஒரு போட்டோ அனுப்பினாள். அப்போது எங்கள் தீவில் இன்டர்நெட் என்பது பேருக்குத்தான். அபர்டீன் பஜாரில் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் சாம்பல் நிற வானம். நெடுநேரம் வானம் மட்டுமே. பிறகு முள்மரத்தின் உச்சி. பிறகு கிளைகள், கிளைகளில் நூற்றுக்கணக்கான துணித் துண்டுகள், யார் யாருடைய நோயோ, எல்லாம் வெளிறி, நார்நாராகி, மரத்தின் நிறத்துக்கே போயிருந்தன. நான் கம்ப்யூட்டருக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் எங்கள் துணி இல்லாமல் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு கோடு இறங்கியது. பளிச்சென்று ரோஸ் நிறம் வந்தது. கடையில் பிரித்துக் காட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மினுக்கம்கூடப் போகவில்லை.

அப்பா எழுந்தார். படிக்கட்டு இறங்கி, டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நைலான்லயா வெட்டுவ? நைலான் எந்தக் காலத்துல இத்துப்போவும்?"

நல்லதாப் பாத்து எடு என்றாரே, சேலையைப் பிடித்துக்கொண்டாரே என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. ஆனால் அவர் என்னைத் திட்டவில்லை. மிகவும் வருத்தப்பட்டார். பெரியவர்கள் திட்டினால் எதிர்த்து நினைக்கலாம். வருத்தப்பட்டால் என்ன செய்ய முடியும்? பஸ் வருவதற்குள் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கே தோன்றிவிட்டது. எடுத்தது நான், வெட்டியது நான், அம்மாவிடம் மறைத்ததும் நான். அவர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு குற்றமா?

வீட்டுக்கு வந்து, வெட்டிய சேலையிலிருந்து இன்னொரு துண்டு வெட்டிக் குழாயடியில் ஈர மண்ணில் புதைத்தேன். எங்கள் மண் ஷூவையே தின்கிற மண். இது இங்கே இற்றால் அங்கேயும் இற்றுவிடும் என்று ஒரு கணக்கு. இரண்டு நாளுக்கு ஒருமுறை தோண்டிப் பார்ப்பேன். சேற்றைக் கழுவினால் ரோஸ் நிறம் அப்படியே சிரிக்கும்.

ஒருநாள் தோண்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் அம்மா நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். என் கையிலிருந்த துண்டைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ரோஸ் சேலைலயா வெட்டின?"

நான் அழுதேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் குழாயடிக் கல்லில் மெல்ல உட்கார்ந்தாள். உட்காருவதற்கே மூச்சு வாங்கியது.

"போட்டும், விடு. எனக்குக் கெணறும் வேண்டாம் மரமும் வேண்டாம் பிள்ள. கப்பலு ஏறுனாப் போதும். நீ உங்கப்பாட்ட கேளு, அம்மாவ எப்ப மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போவீயன்னு. நான் கேட்டா மாதா மேல கோவமான்னு கேக்காவ. நீ கேட்டா பதில் சொல்லுவாவ. கேக்கியா?"

கேட்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னவென்று பார்த்தார். மெயின்லேண்ட் பேச்சை எடுத்தால் துணியைப் பற்றிய பேச்சு வரும், துணியைப் பற்றிய பேச்சு வந்தால் அந்த வருத்தப்பட்ட முகத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்த நீலப் பையைச் சனிக்கிழமைதோறும் இழுத்துப் பூஞ்சை துடைத்து வைப்பாள். அந்தச் சனிக்கிழமை அதையும் செய்யவில்லை. இதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை யாரும் மன்னிப்புக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தாள். ஸ்பீக்கர் வேண்டாம், அண்ணனிடம் கொடு என்றாள். அப்பா வழக்கம்போல வராந்தாவுக்குப் போனார். இந்த முறை நெடுநேரம் பேசவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். "ம்" என்றார். "அப்படியா" என்றார். பிறகு, "சரி, வை" என்றார். உள்ளே வந்தவர் பீடத்துக்கு நேராகப் போய், மாதாவின் காலடியில் இருந்த காகிதத்தை எடுத்தார். மெழுகு ஒட்டிக்கொண்டு வரவில்லை. கத்தியால் நெம்பி எடுத்தார்.

நான்காம் நாள் அம்மாவை விமானத்தில் கூட்டிக்கொண்டு போனார். விமானத்தில் போகக்கூடாது என்று சொன்ன யாரோவைக் காணோம். என்னை மாசி வீட்டில் விட்டுப் போனார்கள். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார்கள். தாமதமாகிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். ஜனவரியில், மழை முழுதாக நின்று ஊரே காய்ந்திருந்த ஒரு காலையில் அம்மா போய்விட்டாள். நீலப் பையை அவள் திறக்கவே இல்லை என்று பிறகு பார்த்தபோது தெரிந்தது. என் போட்டோ வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்து வந்த அன்று வீடு நிறையச் சபைக்காரர்கள். மூலையில் மாசி இருந்தாள். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கேட்டார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

"மச்சான், எட்டு மாசத்துக்கு முன்னாலயே டாக்டரு எழுதிக் குடுத்துட்டாவளாமே. ஏன் கூட்டிட்டு வரல?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். என்னைத் தன் முன்னால் நிறுத்தி, ஊர்ப்பிள்ளைகளுக்கு வைக்கிற அந்தக் கையை என் தலைமேல் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. உள்ளங்கை சூடாக இருந்தது.

"எல்லாம் செஞ்சம் மச்சான். வெளிநாட்டுக் கெணறு வரைக்கும் போயாச்சி. காட்டன் துணியா அனுப்பிருந்தா இன்னைக்கு ஒங்க தங்கச்சி இருந்திருப்பா. இவ நைலான வெட்டிட்டா. சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சிட்டா. அவள யாரும் ஒண்ணும் சொல்லாண்டாம்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் "பாவம்" என்றார்கள். ஒருத்தி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமா என் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் மேற்கொண்டு என்ன கேட்க முடியும்? அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் என்னை மன்னித்தார்கள். மன்னிப்பதில் எங்கள் சபைக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

நான் அப்பாவை நினைத்து உருகிப்போனேன். மனைவியைப் பறிகொடுத்த மனுஷன், அதற்குக் காரணமானவளை எல்லோர் முன்னாலும் காப்பாற்றுகிறாரே என்று. அதன்பிறகு பதினைந்து வருஷம் அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தேன், மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன், சென்னையில் கிடைத்த வேலைக்குப் போகாமல் இங்கேயே ஒரு அலுவலகத்தில் சேர்ந்துகொண்டேன். அவர் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதையும் பெருந்தன்மை என்றே வைத்திருந்தேன்.

போன வருஷம் அத்தை லீவில் வந்தாள். அம்மாவின் அடக்கத்துக்கு அவளால் வர முடியவில்லை. அதற்குப் பிறகும் அவளும் அப்பாவும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. வந்த இரண்டாம் நாள் சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். நைலானை வெட்டி அனுப்பியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். குளிரில் ஏழு சுற்றுச் சுற்றியது வீணாகப் போயிற்றே என்றேன்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்த நைலான்? அந்த ரோஸா? அத நான் போட்டோ எடுத்த அன்னைக்கே அவுத்துட்டனே. எங்கிட்டதான் மதினி குடுத்த பழஞ்சேலை இருந்துச்சே. அதுல கிழிச்சிக் கெட்டினேன். அந்த ஊரு மழைக்கு எத்தன நாளு தாங்கும்? ரெண்டு மாசத்துல இருந்த எடம் தெரியாம இத்துப்போச்சி. நவம்பர்ல போயிப் பாத்துட்டு அண்ணன்கிட்ட போன்ல சொன்னனே. அண்ணே, நைலான அவுத்துட்டு மதினி பழஞ்சேலையில கெட்டினேன், அது இத்துப்போச்சி, இனியும் எதுக்குக் காத்துக் கெடக்கீய, இப்பமாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினனே."

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள்.

"எம்மேலயும் தப்பு இருக்கு பிள்ள. நான் நர்ஸு. என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும். எடுத்த எடுப்புல ஆஸ்பத்திரின்னா மதினி பயந்துருவாளேன்னு மொதல்ல கெணத்தச் சொல்லிட்டு, அண்ணன்கிட்ட தனியா ஆஸ்பத்திரியச் சொன்னேன். அவிய கெணத்த மட்டும் பிடிச்சிக்கிட்டாவ."

முன்னறையில் டிவி சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அப்பா நாற்காலியில் இருந்தார். கையில் ரிமோட். நரைத்த தலை. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டிருக்கிறார். சாயா போடவா என்று கேட்டேன். போடு என்றார். போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரைப் பிடித்திருந்த அதே கை. அம்மாவை அடக்கம் செய்த அன்று அது என் தலையில் இருந்த பாரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினார். துக்கத்தில் நிற்க முடியாமல் தடுமாறுகிறார், என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன். அவருக்குச் சுமையாக இருக்கக் கூடாதே என்று கழுத்தை விறைத்துக்கொண்டு, அசையாமல், மாமா தரையைப் பார்க்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.